உதிரும் கூந்தலும் ஔஷத தானமும்

(தசலட்சணப் பருவத்தில், உத்தமத் தியாகத்தைப் பொருளாகக் கொண்டு ராயகிரியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி. 

தசலட்சணப் பருவத்தில் போற்றப்படும் பத்து அறங்களுள் எட்டாவது உத்தமத் தியாகம். முற்றத் துறந்த முனிவர்க்கு அது அகப்பற்றும் புறப்பற்றும் அறுத்தல். இல்லறத்தார்க்கு அது தானமாக மலர்கிறது. அத்தானத்தை ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர் முன்னோர். உணவிடுதலை எவரும் மறப்பதில்லை. நூல்களை அச்சிட்டு வழங்கும் மரபு இன்றும் தொடர்கிறது. உயிர்களுக்கு அஞ்சாமை அளித்தல் அன்றாட ஒழுக்கமாகவே அமைந்துவிட்டது. ஔஷத தானம் மட்டும், பெரும்பாலும், ஏதேனும் ஒரு மருத்துவமனைக்குத் தொகை அனுப்புவதோடு நிறைவு பெற்றுவிடுகிறது.

மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு படி உண்டு. நோய் இன்னதென்று அறியப்பட வேண்டும். அறியாத நோய்க்கு எத்தனை செல்வர் முன்வந்தாலும் மருந்து வழங்க இயலாது. ஆகவே, நோயை அறியச் செய்தலே ஔஷத தானத்தின் முதற்பாதி எனலாம். இல்லங்கள் பலவற்றில் அறியப்படாமலே தங்கிவிடும் ஒரு குறையே இவ்வுரையின் பொருள். அதன் அடையாளம் சில வேளைகளில் முதலில் சீப்பில்தான் தென்படுகிறது. காரணம் விளங்காமல் முடி உதிர்தலும், அதற்குப் பின்னே மறைந்திருக்கக்கூடிய தைராய்டுக் குறைவும் பற்றியது இவ்வுரை.

இப்பொருளைப் பேசுதற்கு ராயகிரி பொருத்தமான இடம். தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தைச் சேர்ந்த இப்பேரூர்க்கு மேற்கே தொடர்ச்சி மலை, தென்கிழக்கே சங்கரன்கோவில், அதனையும் கடந்து சென்றால் கழுகுமலை. கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களிடையே குரத்தியர் எனப்படும் பெண் ஆசான்களின் பெயர்களும் உள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் அளவில் முற்பட்ட காலத்தே, இவ்வட்டாரத்தில், பெண்கள் கூறிய அறவுரையை மாணாக்கர் அமர்ந்து கேட்டனர் என்பதற்கு அக்கல்லே சான்று. பெண் சொல்லைக் கேட்ட இந்த மண்ணில், "முடி மிகவும் கொட்டுகிறது, உடம்பும் தளர்கிறது" என்று ஒரு மகள் சொன்னால், அதனை வீட்டார் செவிகொடுத்துக் கேட்க வேண்டாவா?

பெரும்பாலும் கேட்பதில்லை. "எல்லார்க்கும் கொட்டுவதுதான்" என்பது முதல் மறுமொழி. "ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்" என்பது இரண்டாவது. பிறகு ஒரு தைலம். அது பயன்படவில்லையெனில் வேறொரு தைலம். அதன்பின் விலை மிகுந்த ஷாம்பு. அதற்கும் பின் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. ஓராண்டு இவ்வாறே கழியும். வகிடு அகன்றுகொண்டே போகும். பூச்சூடிக்கொள்ளவும் கூசி, விழாக்களுக்குச் செல்வதைத் தவிர்க்கும் பெண்கள் உண்டு. இந்த ஓராண்டில் செலவிட்ட தொகையின் ஒரு சிறு பகுதியில் செய்திருக்கக்கூடிய இரத்தச் சோதனை ஒன்று மட்டும் செய்யப்படாமலே இருக்கும்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் வீடுபேற்றுக்கு உரிய நெறி. அவற்றின் வரிசையை ஓர் உவமையாக மட்டும் இங்கே கொள்ளலாம். அடையாளத்தை உள்ளவாறு காணல், சோதனையால் அறிதல், அறிந்தபடி ஒழுகுதல் என்பதே அவ்வரிசை.

காணல்

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்கிறது. பிறகு சில வாரங்கள் ஒடுங்குகிறது. அதன்பின் மூன்று மாத அளவு ஓய்ந்திருந்து உதிர்கிறது. அவ்விடத்தில் புதுமுடி முளைக்கிறது. ஆதலால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்தல் இயல்பே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

உடலுக்குப் பெரும் இடர் நேரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளுள் பல ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்றுவிடும். அவை இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருசேர உதிரும். எனவே இன்று உதிரும் முடிக்குக் காரணம் நேற்றுப் பூசிய எண்ணெயில் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நடந்ததில் இருக்கலாம். மகப்பேறு, டைபாய்டு அல்லது டெங்குக் காய்ச்சல், அறுவை மருத்துவம், ஆறாத் துயரம், உடல் எடை விரைவில் குறைதல் ஆகியன அத்தகைய இடர்கள். நெடுநாள் உபவாசம் மேற்கொண்டோர்க்கும் இது நேரலாம். இவ்வாறு ஒரு காரணம் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் முடி தானே மீண்டு வளரும்.

அத்தகைய காரணம் எதுவும் புலப்படாமல், மூன்று மாதத்துக்கும் மேலாக உதிர்தல் தொடர்ந்தால், அதனை உடல் அனுப்பும் செய்தியாகக் கொள்ள வேண்டும். தைராய்டுச் சுரப்பு குறைந்தோர்க்கு முடி ஓரிடத்தில் மட்டும் உதிராமல் தலை முழுதும் பரவலாக மெலியும். இழை வறண்டு, எளிதில் முறியும். சிலர்க்குப் புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கூடவே வேறு சில அடையாளங்களும் தோன்றலாம். மற்றவர்கள் விசிறியின் கீழ் இருக்கையில் தமக்கு மட்டும் குளிர்தல், உணவு மிகாமலே எடை மிகுதல், தோல் வறட்சி, மலச்சிக்கல், முகம் ஊதுதல், குரல் கரகரத்தல், மாதவிடாய் பெருகுதல் அல்லது ஒழுங்கு தவறுதல், மறதி, ஓயாத சோர்வு ஆகியனவே அவை.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தில் ஆயத்தமாக ஒரு பெயர் உண்டு. மருமகள் தளர்ந்தால் அது சோம்பல். மாணவி மறந்தால் அது கவனக்குறைவு. ஐம்பது கடந்த தாய் தளர்ந்தால் அது வயது. முடி உதிர்ந்தால் அது தண்ணீர். நான்கு பெயர்களிட்டு நான்கு திசையில் பிரித்துவிட்டால், அவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து வந்தன என்பது எவர்க்கும் தோன்றாது. பொருளை உள்ளவாறு காணல் என்பது, இவற்றை ஒருங்கே வைத்துக் காண்பதும் ஆகும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். வட்ட வட்டமாக முடி முழுதும் நீங்கும் புழுவெட்டு வேறு நோய். ஆயினும், அது உடையோரிடத்தும் தைராய்டுக் குறை சற்று மிகுதியாகக் காணப்படுவதால், மருத்துவர் அச்சோதனையையும் செய்யச் சொல்வதுண்டு.

அறிதல்

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த சிறு சுரப்பி. அதன் எடை 15 முதல் 25 கிராம் அளவே. அது சுரக்கும் நீர் உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. முடியின் வேரும் அவ்வாணைக்கு உட்பட்டதே. சுரப்பு குறைந்தால் இதயம் மெல்லத் துடிக்கும். குடல் மெல்ல இயங்கும். முடிவேர் வளர்தலை விட்டு ஓய்வுக்குச் சென்றுவிடும்.

இச்சுரப்பியை ஏவுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி. அது டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை அனுப்புகிறது. வேலையாள் தளர்ந்தால் மேற்பார்ப்பவர் குரல் உயர்வது போல, தைராய்டு தளர்ந்தால் இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு உயர்கிறது. அதனால்தான் தைராய்டைச் சோதிக்க முதலில் டி.எஸ்.எச். அளவைப் பார்க்கின்றனர். ஆய்வகங்கள் பெரும்பாலும் 0.4 முதல் 4 அல்லது 5 வரை இயல்பளவாகக் கொள்கின்றன. 10 என்னும் அளவையும் கடந்துவிட்டால் பொதுவாக மருத்துவம் தேவைப்படும். இடைப்பட்ட அளவு இருப்பின், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தும், டி-4 அளவைக் கண்டும், நோயாளியின் வயது, கருவுற்ற நிலை முதலியவற்றை எண்ணியும் மருத்துவர் முடிவு செய்வார். டி.எஸ்.எச். மிகக் குறைந்திருப்பின் அது மிகைச் சுரப்பின் அடையாளமாகலாம். மிகைச் சுரப்பினாலும் முடி உதிரும். இரண்டுக்கும் மருத்துவம் முற்றிலும் வேறு. எனவே, சோதனையின்றித் தைராய்டு மாத்திரையை எவரும் தாமாக உட்கொள்ளுதல் கூடாது.

இச்சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமன்று. கையிலிருந்து சிறிது இரத்தம் எடுப்பதே போதும். செலவு சில நூறு ரூபாய். சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மேல்நிலை மருத்துவத்துக்கு 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. முதலில் அருகிலுள்ள பொது மருத்துவர் ஒருவரிடம் அடையாளங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லுதலே போதுமானது. முடி உதிர்வுக்கு இரத்தசோகையும் பெருங்காரணம் ஆதலால், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றையும் உடன் பார்த்தல் நலம். புலால் உண்ணாத இல்லங்களில் இரும்புச் சத்தும் பி-12 வைட்டமினும் குறைதற்கு இடமுண்டு என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டலாம்.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்னும் வைட்டமின் மிகுந்த அளவில் சேர்க்கப்படுகிறது. அது இரத்தத்தில் இருக்கும்போது, சிலவகைச் சோதனை முறைகளில் டி.எஸ்.எச். அளவு உள்ளதற்குக் குறைவாகவும், டி-4 அளவு உள்ளதற்கு மிகையாகவும் பொய்யாகத் தோன்றும். இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் எச்சரிக்கை விடுத்தது. முடி உதிர்வை நிறுத்த உட்கொண்ட மாத்திரையே, முடி உதிர்வின் காரணத்தை மறைத்துவிடுகிறது! ஆகவே அத்தகைய மாத்திரை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் சொல்லி, அவர் கூறும்படி, சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும்.

இக்குறை எவ்வளவு பரவியுள்ளது? சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர்க்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. அதனினும் கருதத்தக்கது ஒன்று: அவர்களுள் 3.47 விழுக்காட்டினர், தமக்கு அக்குறை இருப்பதையே அறியாமல் இருந்தனர். அது நகரத்துக் கணக்கு. ஆயினும், நூறு பேர் கூடிய அவையில் மூவரோ நால்வரோ அறியாமலே இந்நோயோடு அமர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அது போதிய குறிப்பு. ஆடவர்க்கும் இது வரும்; பெண்டிர்க்கு மிகுதி.

காரணங்களுள் முதன்மையானது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தவறித் தைராய்டைத் தாக்குதல். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் இதனை விளக்கினமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது குடும்பவழி தொடர்வதும் உண்டு. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் மகள் விரைந்து சோதித்துக்கொள்ளுதல் நன்று.

மற்றொரு காரணம் அயோடின் குறைவு. தைராய்டு தன் சுரப்பை உருவாக்க நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கருவுற்றார்க்கு 250. மீனும் முட்டையும் உண்ணாத சமண இல்லங்களில் பாலும் தயிரும் ஓரளவு அயோடின் தரும். எஞ்சியது பெரும்பாலும் உப்பிலிருந்தே வர வேண்டும். இமாலயத்து அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 முதல் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறையும் என நிறுவியது. அதன் பயனாக 1962இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்றல் 2006 மே 17 முதல் மீண்டும் தடை செய்யப்பட்டது.

ஆயினும் தமிழகத்தின் நிலை வியப்பைத் தருகிறது. 2018-19ஆம் ஆண்டு நாடு முழுதும் வீட்டு உப்பைச் சோதித்த ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய இல்லங்கள் இந்திய அளவில் 76.3 விழுக்காடு, தமிழகத்தில் 61.9 விழுக்காடு மட்டுமே. மாநிலங்களுள் இதுவே கடைசி இடம். நாட்டிலேயே உப்பு மிக விளையும் மாநிலங்களுள் ஒன்று தமிழகம். தூத்துக்குடி உப்பளங்கள் ராயகிரிக்கு எட்டாத் தொலைவில் இல்லை. உப்பு விளையும் நாட்டில் உப்பின் சத்து குறைந்திருக்கிறது. மூட்டையில் திறந்து வைத்து விற்கும் கல்லுப்பிலும், சிறந்ததெனக் கருதி வாங்கும் இந்துப்பிலும் போதிய அயோடின் பெரும்பாலும் இருப்பதில்லை. உறையில் அயோடின் சேர்ந்தது என்னும் குறிப்பைக் கண்டு வாங்கி, மூடிய கலத்தில் வைத்து, சமையலின் இறுதியில் இடுதலே போதும். இரசபரித்தியாகமாகச் சில நாள் உப்பைத் துறப்போர் அஞ்ச வேண்டுவதில்லை; தைராய்டு தன் சுரப்பை வாரக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எதிர்ப்பாற்றல் பிறழ்ந்து வந்த நோய் உப்பினால் தீராது. அதற்கென உப்பை மிகுத்தலும், கடற்பாசி மாத்திரைகளை உட்கொள்ளுதலும் தீங்கே பயக்கும்.

ஒழுகல்

தைராய்டுக் குறைவுக்கு மருந்து லீவோதைராக்சின். உடல் சுரக்க வேண்டியதை உடலுக்கே அளிக்கும் மருந்து அது. இம்மருந்தின் வரலாற்றைச் சமண இல்லத்தார் அறிந்திருத்தல் வேண்டும்; ஏனெனில், "இது உயிர்வதையால் வந்த மருந்தோ?" என்னும் ஐயம் சிலரைத் தடுத்து நிறுத்துகிறது.

அந்த ஐயத்திற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, தைராய்டுக் குறைவு முற்றிய 46 அகவைப் பெண்மணி ஒருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அவர் நலமடைந்தார், மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் மறைந்தார். அவ்வொருவர் வாழ்நாள் மருந்துக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டன என்று மர்ரே பின்னர் எழுதிவைத்தார். ஓர் உயிர் வாழ எண்ணூற்றெழுபது உயிர்! அந்நாளில் வாழ்ந்த சமணர் ஒருவர் இம்மருந்தின் முன் தயங்கியிருந்தால் அதனைக் குறை கூற இயலாது.

ஆனால் அந்நிலை மாறிவிட்டது. 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்க வேதியியலார் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் சார்லசு ஹாரிங்டன் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார். 1927இல் சுரப்பியின் துணையின்றி வேதிமுறையால் அதனை உருவாக்கியும் காட்டினார். இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் லீவோதைராக்சின் அவ்வாறு வேதிமுறையால் செய்யப்படுவது. மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருள்களில் பாலின் சர்க்கரை இருக்கலாம். ஏனையவை பற்றி ஐயமிருப்பின் மருந்தாளுநர் வழியே தயாரிப்பாளரிடம் கேட்டறியலாம். இயற்கை மருந்து என்று சொல்லி அயல்நாடுகளில் விற்கப்படும் உலர்த்திய தைராய்டுத் தூளோ பன்றியின் சுரப்பியிலிருந்து வருவது. முடி வளர்ச்சிக்கென விற்கும் உறைமாத்திரைகளிலும் மெல்லும் வில்லைகளிலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறும் ஜெலட்டின் இருக்கக்கூடும். சோதிக்காமல் வாங்கிய 'முடிச் சத்து' மாத்திரையில் உயிர்வதை கலந்திருக்கலாம்; சோதித்தபின் மருத்துவர் எழுதிய சிறு மாத்திரையில் அது பெரும்பாலும் இல்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

உட்கொள்ளும் முறை எளிது. ஆயினும் தவறினால் பயன் குறையும். காலையில் வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, உணவுக்கு முன் அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காப்பியும் அதற்குப் பின்பே. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காய்ச்சி வடித்த நீரோடு உட்கொள்வதற்குத் தடையேதும் இல்லை. அந்திக்குப் பின் உண்ணாத விரதம் இம்மருந்துக்கு இடையூறன்று. காலை மருந்துக்கு வெறும் வயிறு தானே அமைந்துவிடுகிறது. இரவில் நீருக்கும் மருந்துக்கும் விலக்கு வைத்து விரதம் ஏற்போரும் உண்டு. இம்மருந்தில் பாதி உடலில் ஏழு நாள் அளவு தங்குவதால், ஒருநாள் முழு உபவாசத்தில் ஒரு வேளை தவறினால் பெரும்பாலோர்க்குத் தீங்கு நேராது. பல நாள் உபவாசம் மேற்கொள்வோரும், கருவுற்றோரும், இதய நோயுடையோரும் முன்னரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும். கருவுற்ற தாய்க்கு இம்மருந்தின் தேவை உயரும். குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டைச் சார்ந்திருப்பதால் ஒரு நாளும் தவறவிடலாகாது.

மருந்து தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் டி.எஸ்.எச். பார்த்து அளவைத் திருத்துவர். சோர்வு சில வாரங்களில் நீங்கத் தொடங்கும். முடிக்கோ பொறுமை வேண்டும். முன்னரே ஓய்வுநிலைக்குச் சென்றுவிட்ட முடிகள் உதிர்ந்தே தீரும். புதுமுடி தோன்றி வளர மூன்று முதல் ஆறு மாதம், அடர்த்தி திரும்ப ஓராண்டும் ஆகலாம். இரண்டாம் மாதத்தில் "மாத்திரை போட்டும் கொட்டுகிறதே" என்று விட்டுவிடுவோரும், நலமடைந்ததும் "இனி எதற்கு" என்று விட்டுவிடுவோரும் பெற்ற பயனை இழக்கின்றனர். அளவு மிகுதியாக உட்கொள்வதும் கூடாது. அது நெஞ்சுப் படபடப்பையும், எலும்பு மெலிவையும், மீண்டும் முடி உதிர்வையும் தரும். தைராய்டு சீரான பின்பும் முடி மீளவில்லையெனில், காரணம் வேறொன்று என்று தெளிந்து தோல் மருத்துவரை நாட வேண்டும். மாத்திரையின் விலை நாளொன்றுக்குச் சில ரூபாய்க்கு மேல் பெரும்பாலும் ஆவதில்லை.

மூன்று மறுப்புகள்

இவ்வளவு எளிதாயின், பலரும் ஏன் சோதித்துக்கொள்வதில்லை? மூன்று மறுப்புகள் எழுகின்றன. மூன்றும் அறத்தின் பெயராலோ மானத்தின் பெயராலோ எழுபவை.

"முடிதானே, உடலழகில் பற்று எதற்கு?" என்பது முதலாவது. முனிவரும் ஆரியாங்கனையரும் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தம் கையாலேயே கேசலோசனம் செய்துகொள்வர். அது தாமே விரும்பி ஏற்ற தவம். இல்லறத்துப் பெண்ணின் முடி நோயால் உதிர்வது தவமன்று, துன்பம். அதனைத் துறவோடு ஒப்பிடுதல் இரண்டையும் இழிவுபடுத்துவதாகும். மேலும், இங்கே தேடுவது அழகை மட்டுமன்று. முடி உதிர்தலை அடையாளமாகக் கொண்டு அறியாவிட்டால், அதே நோய் கொழுப்பை ஏற்றி இதயத்தைத் தாக்கும், கருவுறுதலைத் தடுக்கும்.

"அசாதா வேதனீய வினை, அனுபவித்தே தீர வேண்டும்" என்பது இரண்டாவது. வினையைப் பொறுத்தல் வேறு, மருந்தை மறுத்தல் வேறு. நோயை ஆற்றாமல் விடுவதே நெறியாயின், ஔஷத தானம் என ஒன்றை முன்னோர் வகுத்திருக்க மாட்டார்கள். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் ஆசாரியர் சமந்தபத்திரர் பற்றி மரபு கூறும் செய்தி அனைவரும் அறிந்ததே. தீராப் பசியை விளைக்கும் பஸ்மக நோய் அவரை வருத்தியது. சல்லேகனைக்கு அவர் விடை வேண்டினார். குருவோ அதற்கு இசையாமல், துறவுக்கோலத்தைச் சிறிது காலம் நீக்கி, நோயைத் தீர்த்து, மீண்டும் தீட்சை ஏற்குமாறு பணித்தார். அவ்வாறே நோய் நீங்கி வந்தவர் எழுதிய நூல்களை உலகம் இன்றும் ஓதுகிறது. மாமுனிவர்க்கே "முதலில் நோயைத் தீர்" என்று கூறிய மரபு, வீட்டு மகளுக்கு வேறு கூறுமோ?

"வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும்" என்பது மூன்றாவது. மூன்றினும் கொடியது இதுவே. மறைத்த நோய் மணமானபின் வெளிப்படாமல் போவதில்லை. மறைப்பதால் கருவுறும் காலத்தில் மருந்தின்றி நிற்கும் இடர், பெண்ணுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் உரியதாகிறது. நாள்தோறும் ஒரு மாத்திரையால் முற்றும் கட்டுக்குள் நிற்கும் குறை இது. பெண் பார்க்கச் செல்லும் குடும்பங்கள் இதனை ஒரு குற்றமாகக் கருதாதிருத்தலும் ஔஷத தானத்தில் அடங்கும். பெண்ணின் அச்சத்தை நீக்குவதால் அது அபய தானமும் ஆகிறது.

ஆகவே இந்தத் தியாக நாளில் கேட்டுக்கொள்ளுவது பெரிய தொகை அன்று. தைராய்டுச் சோதனைக்குப் பணமில்லாத ஒரு பெண்ணுக்கு அச்சோதனையைச் செய்வித்தல். ஓராண்டு மாத்திரைக்கு ஏற்பாடு செய்தல். அதனினும் எளிது, அவளோடு துணைக்கு மருத்துவமனை வரை செல்லுதல். விழாக் காலத்தில் மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், கண் சோதனையோடும் சர்க்கரைச் சோதனையோடும் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். முடிவு வந்தபின் அதனை அப்பெண்ணிடம் தனியே விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவரையும் அமர்த்தினால் முகாம் நிறைவு பெறும்.

இவை எதற்கும் வாய்ப்பில்லாதவர் இல்லத்திலேயே தொடங்கலாம். மகளோ மருமகளோ தாயோ, "முடி கொட்டுகிறது" என்று அடுத்தமுறை சொல்லும்போது, தண்ணீரைக் குறை கூறுமுன், "வேறென்ன செய்கிறது உடம்புக்கு?" என்று ஒரு வினாவைக் கேட்டு, விடை முடியும்வரை காத்திருங்கள். அடுத்த நாள் காலையில் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அறம் வளர்க. அனைத்துயிரும் நோயின்றி வாழ்க. ஜய ஜினேந்திரா.